விதி தெரிந்தும் விடை தப்பாகிறதா? ஆங்கில வாக்கிய மாற்றத்தில் பிழை பிடிக்கும் வழி

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளானாலும் சரி, போட்டித் தேர்வானாலும் சரி, ஒரு வாக்கியத்தை மாற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகள் விதியை வரிபிசகாமல் ஒப்பிப்பார்கள். விடை மட்டும் தப்பாக இருக்கும். டியூஷனில் நான் திருத்துகிற தாள்களில் விதியே தெரியாமல் வரும் தவறுகள் குறைவு. பழைய வாக்கியத்திலிருந்து எடுக்க வேண்டியதை எடுக்காமல் விடுவது, புதிதாகச் சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமல் விடுவது, இந்த இரண்டும்தான் அதிகம். ஆகவே விதி வரிசைப்படி போகாமல், விடைத்தாளில் என்ன கோளாறு தெரிகிறதோ அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதற்கு வேண்டிய கருவி தமிழ் வகுப்பிலேயே கிடைத்துவிட்டது: முற்றுவினை எது, எச்சம் எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். 'வந்தான்' முற்று, 'வந்து', 'வந்த', 'வர' எல்லாம் எச்சம். ஆங்கிலத்தில் 'கேம்', 'இஸ்', 'வாஸ்', 'வில் கோ' போன்றவை முற்று. 'டு கோ', 'பீயிங்', 'ஹேவிங் கான்' போன்றவை தனியாக நிற்கும்போது எச்சம். ஒரே ஒரு முற்று இருந்தால் அது சிம்பிள், அதாவது தனிவாக்கியம். சிம்பிள், காம்ப்ளெக்ஸ் (ஒரு வாக்கியம் இன்னொன்றைச் சார்ந்து நிற்பது), காம்பவுண்ட் (இரண்டு வாக்கியங்கள் சமமாக இணைந்து நிற்பது) தகராறில் பாதி இந்த எண்ணிக்கையிலேயே தீர்ந்துவிடும்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், சில பிழைகளைக் காதே பிடித்துவிடும்.

ஒரே வாக்கியத்தில் 'தோ'வும் இருக்கிறது, 'பட்'டும் இருக்கிறது

தப்பு: தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஹானஸ்ட்.

"மிஸ், 'பட்' போடலன்னா பாதியில நிக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு மாணவி சொன்னாள். அவள் காது சொல்வதும் நியாயம்தான். பேச்சில் நாம், "அவன் ஏழையா இருந்தாலும், ஆனா நேர்மையானவன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம், யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களை இணைக்க ஒரு சொல் போதும். 'தோ' போட்டால் அது காம்ப்ளெக்ஸ், 'பட்' போட்டால் காம்பவுண்ட். இரண்டையும் போட்டால் எதைக் கேட்டார்கள் என்றே உங்களுக்குத் தெரியவில்லை என்று திருத்துபவர் நினைப்பார்.

தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஹானஸ்ட்.
ஹி இஸ் புவர் பட் ஹி இஸ் ஹானஸ்ட்.

இதே நோய் 'பிகாஸ்', 'ஆஸ்' ஆகியவற்றோடு 'ஸோ' சேரும்போதும் வரும். 'ஆஸ் ஹி வாஸ் டயர்ட், ஸோ ஹி ஸ்லெப்ட்' என்றால் ஒன்றை அடியுங்கள். ஆனால் எல்லா ஜோடியையும் அடித்துவிடாதீர்கள். 'இஃப்' உடன் 'தென்' வரலாம். 'தோ'வுக்கு இணையாக 'யெட்' வருவதும் பழைய நடையில் உண்டு, அது பிழையில்லை.

'இன் ஸ்பைட் ஆஃப்' போட்டும் சிவப்பு மை

தப்பு: இன் ஸ்பைட் ஆஃப் ஹி வாஸ் சிக், ஹி வென்ட் டு ஸ்கூல்.

முற்றை எண்ணுங்கள். 'வாஸ்' ஒன்று, 'வென்ட்' ஒன்று. சிம்பிளாக மாற்றச் சொன்ன இடத்தில் இரண்டு முற்று நிற்கிறது. 'தோ'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இன் ஸ்பைட் ஆஃப்' வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததால் வந்த கோளாறு. 'ஆஃப்'க்குப் பின்னால் பெயர்ச்சொல் வரலாம், இல்லையென்றால் 'இங்' வடிவம் வரலாம். எழுவாயும் முற்றும் சேர்ந்த முழு வாக்கியம் வராது.

எழுவாய் ஒன்றுதான் என்றால்: இன் ஸ்பைட் ஆஃப் பீயிங் சிக், ஹி வென்ட் டு ஸ்கூல்.
பெயராக்க முடிந்தால்: இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் சிக்னஸ், ஹி வென்ட் டு ஸ்கூல்.
முந்தைய செயல் முன்பே முடிந்திருந்தால்: 'தோ ஷி ஹேட் ஒர்க்ட் ஹார்ட், ஷி ஃபெயில்ட்' என்பது 'இன் ஸ்பைட் ஆஃப் ஹேவிங் ஒர்க்ட் ஹார்ட், ஷி ஃபெயில்ட்' ஆகும்.

எழுவாய் இரண்டாக இருக்கும்போதுதான் நல்ல மாணவர்களும் தடுமாறுகிறார்கள். 'தோ தி பஸ் வாஸ் லேட், வி ரீச்ட் ஆன் டைம்' என்பதை 'இன் ஸ்பைட் ஆஃப் பீயிங் லேட், வி ரீச்ட் ஆன் டைம்' என்று மாற்றுகிறார்கள். தாமதமானது பஸ், இந்த விடைப்படி தாமதமானவர்கள் நாம். நாமே தாமதமாக வந்து நாமே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம் என்றாகிறது. எழுவாயைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்: இன் ஸ்பைட் ஆஃப் தி பஸ் பீயிங் லேட், வி ரீச்ட் ஆன் டைம்.

'டிஸ்பைட்' என்றால் அதோடு 'ஆஃப்' கிடையாது. 'பிகாஸ் ஆஃப் இட் ரெய்ன்ட்' என்பதும் இதே குடும்பத்துத் தப்பு. 'பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்' என்று பெயராக்குங்கள். சிலர் சாமர்த்தியமாக 'இன் ஸ்பைட் ஆஃப் தி ஃபேக்ட் தட் ஹி வாஸ் சிக்' என்று எழுதுவார்கள். அது நல்ல ஆங்கிலம்தான். ஆனால் உள்ளே 'வாஸ்' இருப்பதால் அது சிம்பிள் இல்லை, கேட்ட கேள்விக்கு விடையும் இல்லை.

வாக்கியம் சரியாகத் தெரிகிறது, ஆனால் நாய் ரோட்டில் நடக்கிறது

'வைல் ஹி வாஸ் வாக்கிங் ஆன் தி ரோட், எ டாக் பிட் ஹிம்' என்பதைச் சிம்பிளாக்கச் சொன்னால் வரும் விடை:

தப்பு: வாக்கிங் ஆன் தி ரோட், எ டாக் பிட் ஹிம்.

முற்று ஒன்றுதான், எண்ணிக்கை சரி. ஆனால் தொடக்கத்தில் எழுவாய் இல்லாமல் நிற்கும் எச்சம், பின்னால் வரும் முற்றின் எழுவாயைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் நடந்தது நாய். தமிழிலும் 'செய்து' வாய்பாட்டு எச்சம் பெரும்பாலும் இப்படித்தான். 'ரோட்டில் நடந்து நாய் அவனைக் கடித்தது' என்று நாம் சொல்வதில்லை, 'நடக்கும்போது' என்போம். கடிபட்டவனை எழுவாய் ஆக்கினால் சரியாகிவிடும்: வாக்கிங் ஆன் தி ரோட், ஹி வாஸ் பிட்டன் பை எ டாக்.

எழுவாயை மாற்ற மனமில்லை என்றால் எச்சத்துக்கே தனி எழுவாய் கொடுக்கலாம். 'வென் தி ரெய்ன் ஸ்டாப்ட், தி மேட்ச் பிகேன்' என்பது 'தி ரெய்ன் ஹேவிங் ஸ்டாப்ட், தி மேட்ச் பிகேன்' ஆகும். இது நமக்கு அந்நியமான அமைப்பே இல்லை. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதில் பெய்தது மழை, நிறைந்தது குளம், முற்று ஒன்று. வகுப்பில் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், அதற்கப்புறம் நீண்ட விளக்கமே தேவைப்படாது.

மாற்றிய பின் பொருள் தலைகீழாகிவிட்டது

இது கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம். கேள்வி இது:

தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி ஃபார் மி டு லிஃப்ட்.

'ஸோ... தட்' போட்டு எழுதச் சொன்னால் அடிக்கடி வரும் விடை: தி பாக்ஸ் இஸ் ஸோ ஹெவி தட் ஐ கேன் லிஃப்ட்.

பெட்டி அவ்வளவு கனம், அதனால் தூக்க முடிகிறது என்கிறது இந்த விடை! மூல வாக்கியத்தில் 'நாட்' எங்கும் இல்லாததால் பிள்ளைகள் விடையிலும் போடவில்லை. 'டூ' என்ற சொல்லுக்குள்ளேயே 'முடியாது' ஒளிந்திருக்கிறது. அதை எடுத்தால் உள்ளே இருந்த எதிர்மறையை வெளியே கொண்டுவந்து வைக்க வேண்டும். அடுத்து 'ஃபார் மி' என்பது எழுவாயாகி 'ஐ' ஆகிறது. எச்சமாக இருந்த 'டு லிஃப்ட்' முற்றாகி 'கேனாட் லிஃப்ட்' ஆகிறது. கடைசியில் எல்லோரும் மறக்கும் ஒன்று: 'தட்'டுக்குப் பின் வருவது தனி வாக்கியம், எதைத் தூக்க முடியாது என்று அதிலேயே சொல்ல வேண்டும். எனவே 'இட்'.

சரி: தி பாக்ஸ் இஸ் ஸோ ஹெவி தட் ஐ கேனாட் லிஃப்ட் இட்.

'இஸ்' இருந்த இடத்தில் 'வாஸ்' இருந்தால் 'கேனாட்' போய் 'குட் நாட்' வரும். 'ஹி இஸ் டூ வீக் டு வாக்' போன்ற வாக்கியத்தில் 'ஃபார்' இல்லை, நடப்பவனும் அவனே, அதனால் '...தட் ஹி கேனாட் வாக்' என்று நிறுத்துங்கள். அங்கே 'இட்' போட்டால் அதுவும் பிழை. 'ஷி இஸ் ஒன்லி டூ கிளாட் டு ஹெல்ப்' என்று எங்காவது பார்த்தால் இந்த விதியைக் கொண்டு போகாதீர்கள். உதவி செய்ய அவளுக்கு ரொம்பச் சந்தோஷம் என்று பொருள், அதில் எதிர்மறையே இல்லை.

'அன்லெஸ்' இதற்கு நேர் எதிர்ப்பக்கத்துக் கோளாறு. 'இஃப் யூ டூ நாட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்' என்பதை 'அன்லெஸ் யூ டூ நாட் ஸ்டடி' என்று தொடங்குகிறார்கள். 'அன்லெஸ்' என்பதே 'இஃப்'பும் 'நாட்'டும் சேர்ந்தது. மேலே இன்னொரு 'நாட்' போட்டால், படித்தால் தோற்பாய் என்றாகும். 'அன்லெஸ் யூ ஸ்டடி, யூ வில் ஃபெயில்' போதும். 'அன்லெஸ் யூ வில் ஸ்டடி' என்றும் வேண்டாம், 'வில்' அடுத்த பாதிக்கு மட்டும்.

இதையே காம்பவுண்டாகக் கேட்டால் 'ஆர்' உள்ளே எதிர்மறை இருக்கிறது, 'அண்ட்' உள்ளே இல்லை. 'ஸ்டடி ஆர் யூ வில் ஃபெயில்' என்பது 'இஃப் யூ டூ நாட் ஸ்டடி'க்குச் சமம். 'ஸ்டடி அண்ட் யூ வில் பாஸ்' என்பது 'இஃப் யூ ஸ்டடி'க்குச் சமம்.

உடன்பாட்டை எதிர்மறையாக மாற்றும் கேள்வியிலும் எண்ணிக்கைதான் காப்பாற்றும். ஒரு எதிர்மறை மட்டும் சேர்ந்தால் பொருள் மாறும். இரண்டு சேர வேண்டும், இல்லை ஒரு எதிர்மறையோடு ஒரு எதிர்ச்சொல் வர வேண்டும். 'எவ்ரி மதர் லவ்ஸ் ஹெர் சில்ட்ரன்' என்பது 'தேர் இஸ் நோ மதர் ஹூ டஸ் நாட் லவ் ஹெர் சில்ட்ரன்' ஆகும். 'ஹி இஸ் ஆல்வேஸ் பங்க்சுவல்' என்பது 'ஹி இஸ் நெவர் லேட்' ஆகும்.

ஒப்பீட்டில் 'அதர்' போடுவதா, விடுவதா?

தப்பு: சென்னை இஸ் பிக்கர் தன் எனி சிட்டி இன் தமிழ்நாடு.

சென்னையும் தமிழ்நாட்டு நகரம்தான். 'அதர்' இல்லாவிட்டால் சென்னை தன்னைவிடத் தானே பெரியது என்றாகும். 'எனி அதர் சிட்டி' என்று எழுதுங்கள். இதை 'எனி அதர்' என்று ஒரே சொல்லாக மனப்பாடம் செய்தவர்கள் 'சென்னை இஸ் பிக்கர் தன் எனி அதர் சிட்டி இன் ஸ்ரீலங்கா' என்றும் எழுதுவார்கள், சென்னையை இலங்கைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒப்பிடப்படும் பொருள் அந்தக் கூட்டத்தில் ஒன்றா என்று முதலில் கேளுங்கள். உள்ளே இருந்தால் 'அதர்' வேண்டும், வெளியே இருந்தால் வேண்டாம்.

'நோ அதர் சிட்டி இன் தமிழ்நாடு இஸ் ஆஸ் பிக் ஆஸ் சென்னை' என்பதில் 'சிட்டி' ஒருமை. 'ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா' என்று இருந்தால் 'வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை' என்று பன்மை, 'ஆர்'. ஒப்பீட்டு வடிவம் கேட்டால் 'பிக்கர் தன் மோஸ்ட் அதர் சிட்டீஸ்'.

இரண்டே பொருள் என்றால் இடமும் மாற வேண்டும், 'நாட்'டும் சேர வேண்டும். 'அயர்ன் இஸ் ஹெவியர் தன் உட்' என்பது 'உட் இஸ் நாட் ஆஸ் ஹெவி ஆஸ் அயர்ன்' ஆகும். இடத்தை மாற்றாமல் 'நாட்' மட்டும் சேர்த்தால் இரும்பைவிட மரம் கனம் என்று எழுதியிருப்பீர்கள், 'நாட்' சேர்க்காமல் இடத்தை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒரே கனம் என்று எழுதியிருப்பீர்கள். 'மோர் பிக்கர்' பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, 'மோர்' வேண்டாம்.

'நோ ஸூனர்' என்று தொடங்கி நடுவில் சறுக்கல்

'ஆஸ் ஸூன் ஆஸ் தி பெல் ரேங், தி பாய்ஸ் ரேன் அவுட்' என்பதை மாற்றினால் 'நோ ஸூனர் டிட் தி பெல் ரிங் தன் தி பாய்ஸ் ரேன் அவுட்'. இங்கே இரண்டு பிழை வாடிக்கை. 'டிட்' வந்த பிறகும் 'ரேங்' என்றே விடுவது ஒன்று. இறந்தகாலத்தை 'டிட்' எடுத்துக்கொண்டது, வினை அடிச்சொல்லாகத்தான் நிற்கும். 'தன்' இருக்க வேண்டிய இடத்தில் 'தென்' எழுதுவது இன்னொன்று. 'ஸூனர்' ஒப்பீட்டுச் சொல், அதற்கு ஜோடி 'தன்'.

பாசிவ் வாய்ஸில் ஏதோ ஒன்று குறைகிறது

எது குறைகிறது என்று தெரியவில்லையா? வினைச்சொற்களை எண்ணுங்கள். செயப்பாட்டுவினையில் ஆக்டிவைவிட ஒரு சொல் கூடுதலாக இருக்கும்.

'ரோட்' ஒன்று, 'வாஸ் ரிட்டன்' இரண்டு. 'ஹேஸ் ரிட்டன்' இரண்டு, 'ஹேஸ் பீன் ரிட்டன்' மூன்று. 'வில் ரைட்' இரண்டு, 'வில் பி ரிட்டன்' மூன்று.

இப்போது 'ஷி இஸ் சிங்கிங் எ சாங்' என்பதற்கு 'எ சாங் இஸ் சங் பை ஹெர்' என்று எழுதியிருந்தால், அங்கேயும் இரண்டு, இங்கேயும் இரண்டு. ஒன்று குறைகிறது. காணாமல் போனது 'பீயிங்': எ சாங் இஸ் பீயிங் சங் பை ஹெர்.

'டூ', 'டஸ்', 'டிட்' வரும் வாக்கியங்களில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. பாசிவில் அவை உதிர்ந்துவிடும். 'தே டிட் நாட் இன்வைட் அஸ்' என்பது 'வி வேர் நாட் இன்வைட்டட் பை தெம்' ஆகும். 'வி டிட் நாட் இன்வைட்டட்' என்று பழைய 'டிட்'டை இழுத்துக்கொண்டு வந்தால், சரியான விடையில் இருப்பது போலவே இரண்டு வினைச்சொல் இருக்கும், வாக்கியம் மட்டும் பொருந்தாது.

'தே லாஃப்ட் அட் ஹிம்' என்பதன் பாசிவ் 'ஹி வாஸ் லாஃப்ட் அட் பை தெம்'. 'அட்'டும் 'பை'யும் ஒட்டி நிற்பதைப் பார்த்துப் பயந்து 'அட்'டை அடித்துவிடுகிறார்கள். அடிக்காதீர்கள், அது வினையின் பகுதி. 'ஹூ ரோட் திஸ் லெட்டர்?' என்றால் 'பை ஹூம் வாஸ் திஸ் லெட்டர் ரிட்டன்?' என்று 'வாஸ்' முன்னால் வர வேண்டும், அது கேள்வி. 'ஓப்பன் தி டோர்' என்பதற்கு 'லெட் தி டோர் பி ஓப்பன்ட்' என்று எழுதச் சொல்வார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், எனக்கும் இந்தக் கேள்வி பிடிக்காது. மதிப்பெண் வேண்டுமே, எழுதிவிடுங்கள்.

'ஹி ஸ்லெப்ட் வெல்' என்பதை என்ன செய்தும் மாற்ற முடியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. செயப்படுபொருள் இல்லாத வாக்கியத்துக்குப் பாசிவ் இல்லை.

இன்டைரக்டில் எல்லாம் மாறியது, கேள்வி மட்டும் கேள்வியாகவே நிற்கிறது

ஹி செட் டு மி, "வேர் டூ யூ லிவ்?"
தப்பு: ஹி ஆஸ்க்ட் மி வேர் டிட் ஐ லிவ்.
சரி: ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ லிவ்ட்.

அயற்கூற்றில் அது கேள்வி இல்லை, கேட்டான் என்ற செய்தி. எனவே 'டூ' உதிரும், அது சுமந்த காலம் 'லிவ்' மேல் ஏறி 'லிவ்ட்' ஆகும், கேள்விக்குறி போகும். 'வேர்' இருக்கும்போது 'தட்' வேண்டாம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் 'இஃப்' அல்லது 'வெதர்'.

பிரதிப்பெயர்களில் வரும் குழப்பத்துக்குக் காரணம் நம் பேச்சுப் பழக்கம். 'நாளைக்கு உன் புத்தகத்தைத் தர்றேன்னு ராதா சொன்னா' என்று நாம் சொல்லும்போது ராதாவின் சொற்கள் அப்படியே இருக்கின்றன. 'என்று' ஒன்றே எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதை இப்போது எடுத்துச் சொல்பவர் கோணத்துக்கு ஒவ்வொன்றையும் திருப்ப வேண்டும்.

ராதா செட் டு மி, "ஐ வில் ரிட்டர்ன் யுவர் புக் டுமாரோ."
ராதா டோல்ட் மி தட் ஷி வுட் ரிட்டர்ன் மை புக் தி நெக்ஸ்ட் டே.

காலத்தைத் தொடும் முன் பிரதிப்பெயர்களை முடித்துவிடுங்கள். 'ஐ' யார்? ராதா. 'யுவர்' யாருடையது? என்னுடையது. அப்புறம் 'வில்', 'டுமாரோ'. 'டோல்ட்' போட்டால் யாரிடம் என்று சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் 'செட்' என்றே விடுங்கள்.

காலத்தை மாற்றக் கூடாத இடத்திலும் மாற்றிவிடுவது இன்னொரு வியாதி. வெளியே 'சேஸ்' என்று நிகழ்காலம் இருந்தால் உள்ளே காலம் மாறாது. 'தி எர்த் மூவ்ஸ் ரவுண்ட் தி சன்' போன்ற என்றும் உண்மையானவற்றையும் அப்படியே விடலாம். 'டோன்ட் ரன்' என்ற கட்டளை 'டோல்ட் அஸ் நாட் டு ரன்' ஆகும். 'டு டோன்ட் ரன்' ஆகாது.

விடைக்குறிப்பில் இருப்பது வேறு, நான் எழுதியது வேறு

உடனே அடித்துவிடாதீர்கள். 'ஹி கேவ் மி எ பென்' என்பதற்கு 'ஐ வாஸ் கிவன் எ பென் பை ஹிம்' என்றும் எழுதலாம், 'எ பென் வாஸ் கிவன் டு மி பை ஹிம்' என்றும் எழுதலாம். செயப்படுபொருள் இரண்டு இருப்பதால் விடையும் இரண்டு. 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பாவர்ட்டி' என்று குறிப்பில் இருக்க, நீங்கள் 'டிஸ்பைட் பீயிங் புவர்' என்று எழுதியிருந்தாலும் அதே கதைதான்.

சந்தேகமாக இருந்தால் உங்கள் விடையை மட்டும் தனித்தாளில் எழுதி, மூல வாக்கியத்தை மறைத்துக்கொண்டு, திரும்பப் பழைய வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆளும் காலமும் எதிர்மறையும் குறையாமல் மூலமே திரும்பி வந்தால் விடை நிற்கும், ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். திரும்பி வராவிட்டால் எங்கே வழி மாறியது என்று பாருங்கள். 'ஐ கேன் லிஃப்ட்' என்று எழுதியவர் திருப்பி மாற்றும்போது 'டூ ஹெவி' என்ற இடத்துக்கு வரவே முடியாது. அந்த இடத்தில்தான் 'நாட்' தவறிப்போயிருக்கிறது.